ஒட்டுப்போர்வை யாருக்கு உரியது?

இலக்கியத்தில் ஒரு பொருள், கதைமாந்தரைப் போலவே வந்து நின்று கதையை நடத்துவது புதுமையன்று. ஒரு காற்சிலம்பு ஒரு நகரை எரியூட்டிய வரலாற்றையும், ஒரு கணையாழி கடல் கடந்து சென்று ஒரு பெண்ணின் உயிரைக் காத்த செய்தியையும் தமிழ் மாணவர் இளமையிலேயே கற்றுவிடுகின்றனர். ஆனால் அவை பொன்னாலும் மணியாலும் ஆனவை; அரசர் கையிலும் வணிகர் கையிலும் இருந்தவை. கிழிந்த சட்டையின் முதுகுப் பகுதியும், சாயம் போன பாவாடையின் ஓரமும், மாவுச் சாக்கின் துண்டும் கூடி ஓர் இலக்கியப் படைப்பின் நடுப்பொருளாக முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறுகதை சான்றாக நிற்கிறது. 'அன்றாடப் பயன்பாட்டுக்கு' என்று தமிழில் பெயர்க்கத்தக்க தலைப்புடைய அக்கதையை அவர் பாட்டிக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். எந்தப் பாட்டி என்று பெயர் சொல்லவில்லை. படிப்பவரின் பாட்டி என்றே அந்தச் சொற்றொடர் அமைந்திருக்கிறது.

கதைக்குள் புகுமுன் அப்பொருளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நலம். அமெரிக்கர் 'குவில்ட்' என்று வழங்கும் இப்போர்வையைத் தமிழில் ஒட்டுப்போர்வை என்று சொல்லலாம். கந்தைப் போர்வை என்றாலும் பொருந்தும். 'கந்தை' என்னும் தமிழ்ச்சொல்லும், பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்து வங்காளப் பெண்கள் உருவாக்கும் 'காந்தா' என்னும் போர்வையின் பெயரும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை. ஆயினும் தமிழில் கந்தை இழிவைக் குறிப்பதாகவும், வங்கத்தில் அது கலையைக் குறிப்பதாகவும் ஆகிவிட்டன. ஒரு சொல் இரண்டு வீடுகளில் வாழ்க்கைப்பட்டு இரண்டு விதமான மதிப்பைப் பெற்ற கதை அது.

ஒட்டுப்போர்வையில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே, துண்டுத் துணிகளை ஓர் ஒழுங்கில் இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே ஓர் அடித்துணி. இவற்றை ஆக்கும் வேலையும் இரு பகுதியானது. துண்டுகளை வெட்டி ஒன்றோடொன்று இணைத்து மேல்துணியை உருவாக்குவது முதற்பகுதி. இதனை ஒரு பெண் தனியாகவே செய்யலாம்; அடுப்பில் பானை கொதிக்கும்போதும், மடியில் குழந்தை உறங்கும்போதும், மாலையில் விளக்கடியிலும் ஒவ்வொரு சதுரமாகத் தைத்துச் சேர்த்து வைக்கலாம். அவ்வாறு தைத்த மேல்துணிகள் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடப்பதும் உண்டு. இரண்டாம் பகுதி, மூன்று அடுக்குகளையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊடுருவத் தையல் ஓட்டுவது. இதற்குப் பெரும்பாலும் பலர் கூடுவர். சட்டத்தைச் சுற்றி அமர்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே தைப்பர். எனவே ஒரே போர்வையில் இரு தலைமுறையின் தையல் இருப்பது இயல்பு. இவ்வேறுபாட்டை அறியாமல் வாக்கரின் கதையைக் கற்பிப்பவர் அதன் நுட்பமான இடம் ஒன்றைத் தவறவிட்டுவிடுவர். அதனைப் பின்னர்க் காண்போம்.

கதை சிறியது. அமெரிக்கத் தென்பகுதியின் நாட்டுப்புறத்தில் ஒரு தாயும் அவளுடைய இளைய மகள் மேகியும் வாழ்கின்றனர். தாய் உழைத்து உரமேறிய உடலினள். பன்றியை ஓர் ஆணைப் போலவே கொன்று துப்புரவு செய்யக்கூடியவள். அவள் படித்தது இரண்டாம் வகுப்பு வரை. அதன்பின் பள்ளியையே மூடிவிட்டனர். ஏன் என்று கேட்கும் காலமாக 1927ஆம் ஆண்டு இருக்கவில்லை. மேகி, முன்பு வீடு தீப்பற்றி எரிந்தபோது வெந்து வடுப்பட்டவள், கூச்சமுடையவள், தலை குனிந்து காலை இழுத்து நடப்பவள். மூத்த மகள் 'டீ' அழகி, அறிவுடையவள், வெளியூரில் படித்தவள். (தமிழில் எழுதும்போது இப்பெயர் தேநீரை நினைவூட்டுவதைத் தவிர்க்க இயலவில்லை.) அவளைப் படிக்க வைக்கப் பணம் திரட்டியவர்கள் தாயும் திருச்சபையாருமே. நெடுநாளுக்குப் பின் ஒருநாள் அவள் ஓர் ஆண் நண்பனோடு வீட்டுக்கு வருகிறாள். டீ என்பவள் இறந்துவிட்டாள், இனித் தன் பெயர் வாங்கேரோ என்கிறாள். தன்னை ஒடுக்கியவர்கள் இட்ட பெயரைத் தாங்கித் திரிய முடியாது என்பது அவள் கட்சி. தாயையும் வீட்டையும் மாட்டையும் சேர்த்து நிழற்படம் பிடிக்கிறாள். உண்டு முடித்தபின், வெண்ணெய் கடையும் மரக்கலத்தின் மூடியையும் மத்தையும் தன் வீட்டு அலங்காரத்துக்கென எடுத்துக்கொள்கிறாள். பிறகு தாயின் கட்டிலடிப் பெட்டியைக் கிளறி இரண்டு ஒட்டுப்போர்வைகளை வெளியே கொண்டுவந்து, அவற்றைக் கேட்கிறாள்.

அப்போது சமையலறையில் ஏதோ விழும் ஓசை எழுகிறது. ஒரு நிமிடம் கழித்துக் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவள் மேகி. ஏனெனில் அப்போர்வைகள் அவளது திருமணத்துக்கென்று தாய் ஏற்கெனவே வாக்களித்தவை. கதை முழுவதிலும் மேகி காட்டும் எதிர்ப்பு இந்த ஓசை ஒன்றுதான்.

டீயின் வாதம் எளியது. மேகிக்கு இவற்றின் அருமை தெரியாது. நாள்தோறும் போர்த்திக் கிழித்துவிடுவாள். நீ என்ன செய்வாய் என்று தாய் கேட்க, சுவரில் மாட்டுவேன் என்கிறாள். மேகியோ, அக்காளே எடுத்துக்கொள்ளட்டும், போர்வை இல்லாமலும் பாட்டியைத் தன்னால் நினைவில் வைத்திருக்க முடியும் என்று தணிந்த குரலில் சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்ட தாய்க்குள் ஏதோ ஒன்று பாய்கிறது. வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்கிறாள். மூத்தவளின் கையிலிருந்து போர்வைகளைப் பறித்து இளையவளின் மடியில் போடுகிறாள். உங்களுக்கு உங்கள் மரபு விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீ புறப்படுகிறாள்.

இக்கதையைப் பாடமாக வைக்கும் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் வழங்கப்படுகிறது. தாயும் மேகியும் மெய்யான மரபின் வாரிசுகள்; டீ போலி. பயன்படுத்துவது உயர்ந்தது, காட்சிக்கு வைப்பது தாழ்ந்தது. தேர்வுத்தாளில் எழுதுவதற்கு இது வசதியான விடைதான். கதையின் நேரடிப் போக்கும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் இத்தீர்ப்போடு நின்றுவிட்டால் கதையின் பாதிதான் கைக்கு வரும்.

முதலில் டீயின் மீது மெய்யாகவே சுமத்தத்தக்க குற்றம் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். போர்வையைச் சுவரில் மாட்ட விரும்பியது பெருங்குற்றமன்று. கதையில் ஓரிடம் உண்டு. இந்தப் பழையவற்றை விட்டுவிட்டு வேறு ஒன்றிரண்டை எடுத்துக்கொள் என்று தாய் சொல்கிறாள். அப்படிச் சொல்லும்போதே, பாட்டி இறக்குமுன் இணைத்து வைத்திருந்த மேல்துணிகளைக் கொண்டு தானும் பெரிய டீயும் தைத்து முடித்தவைதாம் இவை என்பதையும் போகிற போக்கில் குறிப்பிடுகிறாள். டீ அதைக் காதில் வாங்குவதே இல்லை. மற்றவை ஓரங்களில் எந்திரத்தால் தைக்கப்பட்டவை, எனவே வேண்டா என்கிறாள். எந்திரத் தையல் நீடித்து உழைக்குமே என்பது தாயின் மறுமொழி. இவை அனைத்தும் பாட்டியின் கைத்தையல் என்று வியந்து போர்வையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள் மகள்.

அனைத்தும் பாட்டியின் கைத்தையல் என்பது பிழை. துண்டுகளை இணைத்தவள் பாட்டி. பஞ்சை வைத்து, முன்திண்ணையில் சட்டம் கட்டித் தொங்கவிட்டு, மூன்று அடுக்கையும் ஊடுருவித் தைத்தவர்கள் தாயும் அவள் உடன்பிறந்தவளும். மேல்துணி மட்டும் இருந்தால் அது போர்வையாகாது. அந்தத் தையலை ஓட்டிய கை, டீயின் எதிரிலேயே நிற்கிறது. இறந்தவளின் கையைப் போற்றுகிறவளுக்கு, உயிரோடு நிற்பவளின் கை கண்ணில் படவில்லை. அதுமட்டுமன்று; தாய் போர்வையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டும்போது, அது எட்டாதவாறு டீ பின்னே நகர்ந்துகொள்கிறாள். கதையின் மிகக் கொடிய செயல் இதுவே. சுவரில் மாட்டுவேன் என்று சொன்ன சொல்லைப் பற்றி வகுப்பில் விவாதிக்கும் அளவுக்கு, இந்த ஓரடிப் பின்வாங்கலைப் பற்றி எவரும் விவாதிப்பதில்லை.

பெயர்ச் செய்தியும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. டீ என்னும் பெயர் ஒடுக்கியவர்களிடமிருந்து வந்தது என்கிறாள் மகள். தாய் அதற்கு வாதம் செய்யவில்லை, கணக்குச் சொல்கிறாள். உன் சிற்றன்னை டைசியின் பெயர் உனக்கு. அவளுக்குப் பாட்டியின் பெயர். அதற்கும் முன்னே போனால் உள்நாட்டுப் போருக்கு அப்பாலும் போகலாம். நீ பிறந்தபின் அவளைப் பெரிய டீ என்று அழைத்தோம். அந்தப் பெரிய டீதான் போர்வையைத் தைத்தவர்களில் ஒருத்தி. ஆக, தான் துறந்த பெயரை உடையவள் தைத்த போர்வையைத்தான் வாங்கேரோ மார்போடு அணைத்து நிற்கிறாள். பெயரும் போர்வையும் ஒரே முறையில் ஆனவை. முன்னோரிடமிருந்து ஒவ்வொரு துண்டாக வந்து சேர்ந்தவை. ஒன்றைக் களைந்துவிட்டு மற்றொன்றை மட்டும் கேட்கிறாள். வாக்கர் இதனை எங்கும் எடுத்துரைக்கவில்லை. இரு செய்திகளையும் சில பக்க இடைவெளியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நல்ல சிறுகதையின் அடையாளம் அது.

எனினும் டீயின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அடிமைப்பட்டோருக்குப் பெரும்பாலும் உரிமையாளரின் குடும்பப்பெயரே ஒட்டிக்கொண்டது வரலாற்று உண்மை. 1960களின் பிற்பகுதியில் ஆப்பிரிக்கப் பெயர் சூடிய கறுப்பின இளைஞர் அனைவரும் வேடதாரிகள் அல்லர். பெயர் ஒரே வேளையில் வடுவாகவும் வாரிசுரிமையாகவும் இருக்கலாம் என்பதே இங்குள்ள சிக்கல். அதைக் கதை ஓரளவே தொடுகிறது.

போர்வையில் ஒரு நீலத் துண்டு இருக்கிறது. தீப்பெட்டி அளவே உள்ள, சாயம் மங்கிய துணி. பூட்டன் எஸ்ரா உள்நாட்டுப் போரின்போது அணிந்த சீருடையிலிருந்து வெட்டியது என்று தாய் சொல்கிறாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அப்போரில், அடிமை முறையைக் காத்து நின்ற தென்னவரை எதிர்த்து வடவர் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் சேர்ந்தனர். வடவர் சீருடையின் நிறம் நீலம். ஒரு குடும்பத்தின் விடுதலைப் போராட்டமே அந்தத் தீப்பெட்டித் துண்டில் அடங்கிக் கிடக்கலாம். மரபு, பாரம்பரியம் என்று முழங்கும் டீ அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை; அது போர்வையை மேலும் மதிப்புள்ளதாக்கும் ஒரு செய்தி மட்டுமே அவளுக்கு. தாய்க்கோ அது எஸ்ரா தாத்தாவின் சட்டை, அவ்வளவுதான். வரலாறு இருவர் கையிலும் இருந்தும் இருவரும் அதைப் படிக்கவில்லை என்று கூறினால் அது மிகையாகாது.

துண்டுத் துணியைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்னும் வினாவை, வாக்கருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சூசன் கிளாஸ்பெல் என்னும் வெள்ளையின நாடகாசிரியர் எழுப்பியிருந்தார். 1916ஆம் ஆண்டில் மேடையேறிய 'அற்ப விஷயங்கள்' என்னும் அவரது ஓரங்க நாடகம், அயோவா மாநிலத்தில் 1900ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு கொலையை அடிப்படையாகக் கொண்டது. அவ்வழக்கைச் செய்தியாளராக இருந்து எழுதியவரும் அவரே. உறங்கிய கணவன் கயிற்றால் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடக்கிறான். மனைவி சிறையில் இருக்கிறாள். அரசு வழக்கறிஞரும் காவல் அதிகாரியும் வீடெங்கும் சான்று தேடுகின்றனர். உடன் வந்த பெண்கள் இருவர் சமையலறையிலேயே நிற்கின்றனர். அங்கே பாதி முடிந்த ஒட்டுப்போர்வைத் துண்டுகள் கூடையில் கிடக்கின்றன. எல்லாச் சதுரங்களிலும் தையல் சீராக ஓடியிருக்க, ஒன்றில் மட்டும் தாறுமாறாகக் கிடக்கிறது. அதைக் கண்டதும் பெண்களுக்குப் புரிந்துவிடுகிறது: தைத்தவளின் மனம் அந்த இடத்தில் உடைந்திருக்கிறது. ஒருத்தி பேசிக்கொண்டே அந்தத் தையலைப் பிரித்துச் சீராகத் தைக்கத் தொடங்குகிறாள். சான்று அழிகிறது, ஆடவருக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம், போர்வை வேலையைப் பற்றி அந்தப் பெண்கள் பேசியதைக் கேட்டு அவர்கள் முன்பே சிரித்திருந்ததுதான்.

கிளாஸ்பெல்லின் பெண்கள் தையலைப் படித்ததற்குக் காரணம் அவர்களும் தைப்பவர்கள் என்பதே. இந்த இடத்தில், சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் 1942ஆம் ஆண்டில் சிறைப்பட்டிருந்த பெண்கள் தைத்த மூன்று போர்வைகளையும் இப்பகுதி மாணவர்க்கு நினைவூட்டலாம். ஒவ்வொன்றும் 66 சதுரங்கள் கொண்டது. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண் தன் பெயரோடு ஏதேனும் ஓர் உருவத்தைத் தைத்தாள். தனியே அடைக்கப்பட்டிருந்த கணவன்மாருக்கு, தாங்கள் உயிரோடிருக்கும் செய்தி அதன் வழியாவது எட்டாதா என்னும் ஏக்கம் அவற்றுள் இருந்தது. அவற்றுள் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. கடிதம் மறுக்கப்பட்ட இடத்தில் ஊசி கடிதம் எழுதியிருக்கிறது.

சாங்கிப் போர்வைகள் இன்று காட்சிப்பொருள்கள். அதற்காக வருந்துவோர் எவருமில்லை. அப்படியாயின் டீ சுவரில் மாட்ட விரும்பியதை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்? இவ்வினாவுக்கு வாக்கரின் வாழ்விலிருந்தே ஓர் இடையூறான சான்று கிடைக்கிறது. இக்கதை வெளிவந்த மறு ஆண்டு, 1974இல், கறுப்பினத் தாய்மாரின் படைப்பாற்றலைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தில் தொங்கும் ஓர் ஒட்டுப்போர்வையைக் கண்டு வியந்ததைக் குறிப்பிடுகிறார். இயேசுவின் சிலுவைப்பாடு தைக்கப்பட்ட அப்போர்வை, பெயர் தெரியாத கறுப்பினப் பெண் ஒருத்தியின் கைவேலை என்கிறார். அது ஜார்ஜியாவைச் சேர்ந்த ஹாரியட் பவர்ஸ் என்பவரின் வேதாகமப் போர்வையாகவே இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆக, அரும்பொருளகச் சுவரில் அது மாட்டப்பட்டிராவிட்டால் வாக்கரின் கட்டுரையில் அந்தப் பகுதியே இல்லை.

பவர்ஸின் வரலாறு ஈண்டு விரிவாக நினைவுகூரத்தக்கது. 1837ஆம் ஆண்டில் அடிமையாகப் பிறந்த அவர், 1886ஆம் ஆண்டில் ஏதென்ஸ் என்னும் ஊரில் நடந்த பருத்தி விழாவில் தம் போர்வையைக் காட்சிக்கு வைத்தார். ஓவியம் கற்பிக்கும் வெள்ளையினப் பெண்மணி ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் வறுமை வந்தது. கணவரின் சொல்லைக் கேட்டு, அதைச் சாக்கில் பொதிந்து எடுத்துச் சென்று பத்து வெள்ளி கேட்டார். ஐந்து வெள்ளிதான் கிடைத்தது. விற்றபின்னும் அதைப் பார்ப்பதற்கென்றே பலமுறை அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்று வந்தார். ஒவ்வொரு படத்தின் பொருளையும் பவர்ஸ் சொல்லச் சொல்ல அந்த அம்மையார் எழுதி வைத்தார். அதனால்தான் தைத்தவரின் பெயரும் கருத்தும் இன்று தெரிகின்றன. மற்றுமொரு செய்தி: அப்போர்வையில் கைத்தையலோடு எந்திரத் தையலும் உண்டு. டீயின் அளவுகோலால் அளந்தால் அமெரிக்கத் தேசிய அரும்பொருளகத்தின் போர்வையே தள்ளுபடியாகியிருக்கும்!

அலபாமா ஆற்றின் வளைவில் அமைந்த 'கீஸ் பெண்ட்' என்னும் சிற்றூரின் கதை இன்னும் அண்மையது. அடிமைகளாக இருந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் அவ்வூரில், பெண்கள் வேலைத்துணிகளையும் மாவுச் சாக்குகளையும் கொண்டு குளிருக்குப் போர்வை தைத்தனர். 1942ஆம் ஆண்டில் மிசூரி பெட்வே என்பவர், இறந்துபோன கணவரின் வேலைத்துணிகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைந்து, அதனுள் அடங்கி உறங்க வேண்டும் என்பதே அவர் எண்ணமாக இருந்தது என்று அவருடைய மகள் பின்னர் எடுத்துரைத்திருக்கிறார். முழங்கால் தேய்ந்த இடமும், பை பிரிந்த இடத்தின் மங்காத நிறமும் அப்படியே தெரியும் துணிகள் இத்தகைய போர்வைகளில் இடம்பெறுகின்றன. 1962ஆம் ஆண்டில், வாக்குரிமை கோரிய அம்மக்களுக்கு ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. அது மீண்டும் தொடங்க 2006ஆம் ஆண்டு ஆயிற்று. அதற்கிடையே 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரிலும் பின்னர் நியூயார்க்கிலும் அவர்களின் போர்வைகள் அரும்பொருளகச் சுவர்களில் மாட்டப்பட்டன. 2006ஆம் ஆண்டிலேயே அஞ்சல் தலைகளிலும் அவை ஏறின. மிசூரி பெட்வேயின் போர்வை தேய்ந்து மறைந்திருந்தால் அக்காதலை யார் அறிவார்? அது சுவரில் தொங்கும்போது அதனுள் உறங்குவார் யார்? இரு வினாக்களும் நியாயமானவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடக்க முடியாது.

இவ்வகையில் நோக்கும்போது வாக்கரின் கதையில் ஒரு குறையும் புலப்படுகிறது. டீயைப் படைத்ததில் அவர் சற்றே கையை ஓங்கிவிட்டார். கண்ணைக் கூசவைக்கும் ஆடை, வாயில் நுழையாத பெயர், ஓயாத நிழற்படம், துணைவனைக் குறித்த கேலி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, படிப்பவர் அவளை வெறுப்பதற்கு வழி எளிதாக்கப்பட்டுள்ளது. கதை முழுவதும் தாயின் வாய்மொழியாகவே வருவதால் டீயின் மனத்துக்குள் புக வாயிலே இல்லை. அவள் அந்த வீட்டை ஏன் வெறுத்தாள், வீடு எரிந்தபோது ஏன் மரத்தடியில் தனியே நின்று பார்த்தாள் என்பதைத் தாய் ஊகிக்கிறாள். அவ்வூகமே படிப்பவருக்கும் உண்மையாகிவிடுகிறது. ஆனால் அத்தாயும் முழுக்கள்ளமற்ற சாட்சி அல்லள். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மூத்த மகள் தன்னைத் தழுவிக்கொள்வதாகவும், அப்போது தன் உடல் மெலிந்து நிறம் வெளுத்திருப்பதாகவும் கனவு காண்பதை அவளே சொல்கிறாள். மகளின் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்னும் கூச்சம் அவளுக்குள் ஆழ்ந்து கிடக்கிறது. போர்வையைப் பறித்த அந்தக் கணத்தில் நெடுநாள் மனத்தாங்கலும் கலந்திருக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

மேலும், வீட்டை விட்டுச் சென்று, படித்து, திரும்பிப் பார்த்து, பாட்டியின் போர்வையை உலகின் கண்முன் விரித்துக் காட்டியவர் யார்? ஆலிஸ் வாக்கரேதான். ஜார்ஜியா மாநிலத்தில் 1944ஆம் ஆண்டில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து கல்லூரி சென்ற அவர், தொழிலால் ஒரு டீயே. எட்டு வயதில் ஒரு விபத்தில் கண்ணொன்று பார்வையிழந்து வடுவோடு குனிந்து நடந்தவர் என்ற முறையில் அவர் மேகியும்கூட. அம்மூவரும் ஒருவரே என்னும் கருத்துப்பட அவர் ஒரு நேர்காணலில் சொன்னதும் உண்டு. 1982ஆம் ஆண்டில் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற அவரது நாவலிலும், கிழிந்த திரைச்சீலையிலிருந்து இரு பெண்கள் ஒட்டுப்போர்வை தைக்கும் காட்சி வருகிறது. பகைமை தீர்வதற்கு அந்தத் தையலே வழியாகிறது. அந்நாவலை எழுதிய நாளில், எளிது என்று தாய் சொன்ன ஒரு வடிவத்தைப் பார்த்து, வாக்கர் தாமே ஒரு போர்வை தைத்தார். அதற்கான துணியைக் கடையில்தான் வாங்கினார்.

ஆசிரியர்களைச் சுடும் இடம் ஒன்று இக்கதையில் இருக்கிறது. பள்ளியிலிருந்து வந்த டீ, தாய்க்கும் தங்கைக்கும் நூல்களைப் படித்துக் காட்டுவாள். அது பகிர்வாக இருக்கவில்லை, அடிப்பதுபோல் இருந்தது. அவர்களுக்கு வேண்டாத செய்திகளையும் பிறர் வாழ்க்கைகளையும் இரக்கமின்றி அவர்கள்மேல் கொட்டுவாள். புரியத் தொடங்கும் தறுவாயில் மூடர்களைப்போல் தள்ளிவிடுவாள். அவளை அப்படிப் படிக்கக் கற்பித்தது யார்? கல்லூரிக்குப் புறப்பட்டபோது தாய் ஒரு போர்வையைக் கொடுக்க, பழங்காலத்தது என்று டீ மறுத்தாள். பின்னர் அதே போர்வைக்கு வந்து நின்றாள். மறுக்கச் சொன்னதும் கல்விதான். கேட்கச் சொன்னதும் கல்விதான். இடையில் மாறியது நகரத்தாரின் நாகரிகம் மட்டுமே. பாட்டியின் துணியை முதலில் வெட்கமாகவும், பின்பு அலங்காரமாகவும் பார்க்கக் கற்றுத்தந்த கல்வி, அதைத் தைப்பது எப்படி என்று கேட்க மட்டும் கற்றுத்தரவில்லை. தைக்கத் தெரிந்தவள் மேகி. பாட்டியும் பெரிய டீயும் அவளுக்குக் கற்றுத்தந்திருக்கின்றனர். போர்வை கிழிந்துபோகுமே என்று டீ பதறும்போது, மேகிக்குத் தைக்கத் தெரியும் என்பதே தாயின் விடை. கடையும் மத்தைச் செதுக்கியவர் யார், அவருக்கு வழங்கிய செல்லப்பெயர் என்ன என்பதையும் அவளே அறிவாள். அதைக் கேட்டு, மேகியின் மூளை யானையின் மூளை என்று அக்காள் நகைக்கிறாள். அந்த வீட்டில் வரலாற்றுப் பாடத்தில் தேறியவள் அவள் ஒருத்தியே; மதிப்பெண் அளிக்கத்தான் ஆளில்லை.

இறுதியாக ஒரு செய்தி. கதையின் தலைப்பு அன்றாடப் பயன்பாட்டைச் சொல்கிறது. ஆனால் அந்த இரு போர்வைகளும் இதுவரை பயன்படுத்தப்படவே இல்லை. நெடுநாளாகப் பத்திரப்படுத்தியே வைத்திருப்பதாகத் தாயே ஒப்புக்கொள்கிறாள். அவளது கட்டிலடிப் பெட்டியும் ஒருவகை அரும்பொருளகமாகவே இருந்து வந்திருக்கிறது. டீ வந்து கிளறிய பின்னரே அவை வெளிச்சத்தைக் கண்டன. வண்டி கிளப்பிய புழுதி அடங்குகிறது. மேகி சிரிக்கிறாள், அச்சமில்லாத சிரிப்பு. தாய் அவளிடம் ஒரு சிட்டிகைப் புகையிலைப் பொடி கேட்டு வாங்கி உதட்டில் அடக்கிக்கொள்கிறாள். கூட்டிப் பெருக்கிய முற்றத்தில் இருவரும் பொழுது சாயும்வரை பேசாமல் அமர்ந்திருக்கின்றனர். பின்னர் உறங்கப் போகின்றனர். அன்றிரவு அவர்கள் எதைப் போர்த்திக்கொண்டார்கள் என்று வாக்கர் சொல்லவில்லை.